காலை ஐந்தரை மணித் தண்ணீர்

போளூர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த கண்ணாயிரத்தின் சிறிய வீட்டு முன்னறையில் கலைவாணி வந்து உட்கார்ந்தார். கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். பிறகு அதைத் தன் பக்கமே இழுத்துக்கொண்டார்.

எதிரே இருந்த கண்ணாயிரம் அவரை அவசரப்படுத்தவில்லை. அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் அவர். மிளகாய்த்தூளில் சந்தேகமென்றாலும் கல்யாணப் பந்தியில் பத்துப் பேர் வாந்தியெடுத்தாலும் அவரிடம் வந்து கேட்பது சுற்று வட்டாரத்தில் வழக்கமாகிவிட்டது. அவருக்குப் பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தோடு நதியா உட்கார்ந்திருந்தாள். பக்கத்துத் தெருவில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள். கண்ணாயிரத்தோடு விசாரணைக்குப் போவதென்றால் அவளுக்குச் சாப்பாடு வேண்டாம், தூக்கம் வேண்டாம்.

"ஜவ்வாது மலையில ஊணாங்கொல்லைன்னு ஒரு ஊர் சார்," என்று கலைவாணி ஆரம்பித்தார். "எனக்குச் சொந்த ஊர் கலசப்பாக்கம். பன்னெண்டு வருஷமா மலையிலதான் இருக்கேன். அங்க ஒரு அறக்கட்டளை நடத்துற விடுதிக்கு வார்டன். நாப்பத்தொரு பிள்ளைங்க."

நதியாவின் பேனா சட்டென்று நின்றது. கண்ணாயிரம் அதைக் கவனித்தார்.

"ஆறு பிள்ளைங்க வேலூர்ல ஆஸ்பத்திரியில இருக்காங்க. வயித்துவலி, வாந்தி. சும்மா சும்மா ஒண்ணுக்குப் போறாங்க. ரத்தமே இல்லாம வெளுத்துப் போயிட்டாங்க. டாக்டர் கிட்னி கெட்டிருக்குன்னு சொல்றார். சாப்பிட்ட ஏதோ ஒண்ணுதான் காரணம், ஆனா எதுன்னு தெரியலைன்னார்."

"ஊர்ல என்ன சொல்றாங்க?"

"சமையல்காரம்மா சாந்தம்மாளைச் சொல்றாங்க. பச்சிலை வைத்தியம் தெரிஞ்சவங்க. எதையோ கலந்துட்டாங்கன்னு பெத்தவங்க எல்லாம் சேர்ந்து வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. ஒரு மாசமாச்சு. அவங்க என்ன கலந்தாங்கன்னு நீங்க கண்டுபிடிச்சுச் சொன்னா டாக்டருக்கு உதவியா இருக்கும்."

"ஒரு மாசமா வேற யாருக்கும் ஒண்ணும் இல்லையே?"

கலைவாணி தாளின் ஓரத்தை மடித்தார். "ரங்கன்னு ஒரு பையன். போன வாரத்துலேர்ந்து அவனும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு அழறான்."

"இந்த ஏழு பேரும் எப்படிப்பட்ட பிள்ளைங்க?"

"நல்லாப் படிக்கிறவங்க சார். ஏழும் முத்து."

கண்ணாயிரம் கையை நீட்டினார். அந்தத் தாள் இப்போது அவரிடம் வந்தது. டாக்டர் கேட்டு கலைவாணி எழுதிக் கொடுத்த உணவுப் பட்டியலின் நகல் அது. காலை ஐந்தரை: தண்ணீர். எட்டு: சாமைக் கஞ்சி. பன்னிரண்டரை: சோறு, சாம்பார், ஒரு காய். நான்கு: சுண்டல். ஏழரை: சோறு, ரசம்.

அவர் அதை இரண்டு முறை படித்தார். "இதுல விட்டுப்போனது ஒண்ணும் இல்லையா?"

"இல்லை சார்."

"சரி. நாளைக்குக் காலையில நாங்க வர்றோம்."

மறுநாள் மலைப் பேருந்து வளைவுகளில் ஏறத் தொடங்கியபோது நதியா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே பேசினாள். "சார், அந்த விடுதிக்கு நான் ஏற்கெனவே போயிருக்கேன். ஒன்றரை மாசத்துக்கு முன்னால ஒரு மருத்துவ முகாம். ஒண்ணுக்கு டெஸ்ட் பண்ணது நான்தான்."

கண்ணாயிரம் திரும்பிப் பார்த்தார்.

"ஆறு பேருக்குச் சர்க்கரை காட்டுச்சு. ரத்தத்துல பார்த்தேன், சர்க்கரை சரியா இருந்துச்சு. ரத்தத்துல இல்லாதது ஒண்ணுக்குல எப்படி வரும்? டெஸ்ட் பண்ற பட்டை பழசாயிட்டுதுன்னு நெனச்சு ஆறு பேருக்கும் 'இல்லை'ன்னு எழுதிட்டேன். அந்த ஆறு பேருதான் சார். நேத்து ராத்திரி பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன்."

பேருந்து ஒரு வளைவைக் கடந்து நேரானது. கண்ணாயிரம் அவளைத் தேற்றவில்லை, கடிந்துகொள்ளவும் இல்லை.

"இப்ப சொன்னது உபயோகம்," என்றார்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா?"

நதியா மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அவர்கள் முதலில் விடுதிக்குப் போகவில்லை. அடுத்த சரிவில் ஒன்பது வீடுகள் இருந்த குடியிருப்பில் சாந்தம்மாளின் வீட்டை விசாரித்துக்கொண்டு போனார்கள். ஐம்பது வயதிருக்கும் அவளுக்கு. வாசலில் மூன்று கற்களை வைத்துச் சாமை வேகவைத்துக்கொண்டிருந்தாள். அருகே உடைந்துபோன மண் அடுப்பின் துண்டுகள் அப்படியே கிடந்தன.

"அடுப்பு எப்படிம்மா ஒடஞ்சுது?" என்று நதியா கேட்டாள்.

"சின்னக்குழந்தைன்னு ஒருத்தன் எட்டி ஒதைச்சான். அவன் பொண்ணு இளவரசிதான் ரொம்ப மோசமா கெடக்குது ஆஸ்பத்திரில. வெசம் வெச்சவன்னு இங்க நின்னு கத்துனான். பின்னால முப்பது பேரு."

"நீங்க இன்னா சொன்னீங்க?" என்றார் கண்ணாயிரம்.

"யாரு கேட்டாங்க? வந்தாங்க, சொன்னாங்க, போய்ட்டாங்க. நீங்கதான் மொதல்ல கேக்கறீங்க."

கண்ணாயிரம் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தார். "அப்ப நான் நெறைய கேக்கறேன். வெடியக்காலையில புள்ளைங்க இன்னா சாப்பிடும்?"

"எனக்குத் தெரியாது சார். நான் ஆறரைக்குத்தான் போவேன். அதுக்கு முன்ன அஞ்சரைக்கே வார்டன் டீச்சரு சில புள்ளைங்களை எழுப்பிப் பாடம் சொல்லுவாங்க, பெரிய பள்ளிக்கூடத்துப் பரீட்சைக்கு. அந்தப் புள்ளைங்க மட்டும் கஞ்சியை மிச்சம் வெக்கும். பசிக்கலன்னும்."

"சமையல்கட்டுல ஏதாச்சும் கொறையுமா?"

அவள் கரண்டியை நிறுத்தினாள். "வெல்லம். புளியும் கொஞ்சம். நான் தூக்கிட்டுப் போறேன்னு யாராச்சும் சொல்லிடுவாங்களோன்னு பயந்துக்கினே இருப்பேன். கடைசில வேற ஒண்ணைச் சொல்லிட்டாங்க."

விடுதியின் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் 'ஒரே பந்தி, ஒரே உணவு' என்று அறக்கட்டளையின் விதி பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. கண்ணாயிரம் சமையல்கட்டைப் பார்த்தார். அண்டாக்கள் எல்லாம் அலுமினியம், எவர்சில்வர். அரிசி, பருப்பு, எண்ணெய் எதிலும் குற்றமில்லை. நதியா ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்துப் பொட்டலம் கட்டினாள். பிறகு அவர் பின்பக்கம் போய், பையன்கள் சிறுநீர் கழிக்கும் பாறையோரத்தில் குனிந்து நின்றார். ஓரிடத்தில் மட்டும் கட்டெறும்புகள் மொய்த்துக்கொண்டிருந்தன.

"உன் பட்டை பழசில்ல," என்றார் மெதுவாக. நதியா எறும்புகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ரங்கன் பாயில் சுருண்டு படுத்திருந்தான். ஒன்பது வயதுக்கு மிகவும் சிறிய உடம்பு.

"எப்பத்திலேர்ந்துப்பா காலையில பாடத்துக்குப் போறே?" என்று கண்ணாயிரம் கேட்டார்.

"இளவரசி ஆஸ்பத்திரிக்குப் போனப்புறம். அவ எடத்துல என்னை உக்கார வெச்சாங்க."

"அப்ப சாந்தம்மா இங்க இருந்தாங்களா?"

"இல்ல. போய்ட்டாங்க."

"எழுந்ததும் என்ன குடிப்ப?"

பையன் வாசல் பக்கம் பார்த்தான். அங்கே கலைவாணி நின்றிருந்தார். "தண்ணி," என்றான். பிறகு, சொன்னது போதாதென்று நினைத்தவன்போல, "இனிப்பா இருக்கும்," என்றான்.

கலைவாணி அங்கிருந்து நகர்ந்துவிட்டார்.

பாடம் நடக்கும் அறையின் மூலையில் தட்டு போட்டு மூடிய ஒரு பித்தளைத் தவலை இருந்தது. கண்ணாயிரம் தட்டை எடுத்தார். உள்ளே காலியாக இருந்தது. உட்புற ஈயப் பூச்சு வெள்ளியைப்போலப் பளபளக்கவில்லை. சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்தது. நதியாவின் நோட்டிலிருந்து ஒரு வெள்ளைத் தாளைக் கிழித்து உட்பக்கத்தில் அழுத்தித் தேய்த்தார். தாளில் பென்சிலால் கோடு கிழித்ததுபோல ஒரு கறுப்புத் தடம் விழுந்தது.

அவர் உடனே கைப்பேசியோடு வெளியே போனார். சிக்னல் கிடைக்கும் மேட்டில் நின்று வேலூர் டாக்டரோடு நான்கு நிமிடம் பேசினார். திரும்பி வந்து, தவலையைச் சாக்கில் சுற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். "ரங்கனை இப்பவே வேலூருக்கு அனுப்பணும். நதியா கூடப் போவா. இதை நான் எடுத்துட்டுப் போறேன்."

எதற்கு என்று கலைவாணி கேட்கவில்லை.

"சனிக்கிழமை பெத்தவங்களை வரச் சொல்லுங்க. சாந்தம்மாளையும் கூப்பிடுங்க," என்ற கண்ணாயிரம் குரலைத் தாழ்த்தினார். "நான் பேச ஆரம்பிப்பேன். நடுவுல நீங்க பேசறதா இருந்தா நான் நிறுத்திக்கிறேன்."

அன்று மாலையே அவர் கலசப்பாக்கம் சந்தையோரத்தில் இருந்த பாத்திரக் கடையில் இறங்கினார். மலை ஊர்களுக்கும் போய்ப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசும் ஒரே ஆளான காசி அங்கே உலையை ஊதிக்கொண்டிருந்தான். சாக்கை விலக்கியதும் தவலையை அடையாளம் தெரிந்துகொண்டான்.

"நான் பூசுனதுதான் சார். ஆடி மாசம். மலைக்குப் போனப்ப வார்டனம்மா குடுத்தாங்க."

"எதால பூசுன?"

காசி துருத்தியை விட்டான். "பாத்திரத்துக்குப் பூசற வெள்ளீயம் அன்னிக்குத் தீந்துபோச்சு சார். பழைய பைப்பு உருக்குன காரீயம் பையில இருந்துச்சு. எதுக்கும்மா தவலைன்னு கேட்டேன். தண்ணி வெக்கன்னாங்க. தண்ணிதானேன்னு பூசிட்டேன்."

"தண்ணி வெக்கறதுக்கும் காரீயம் பூசக் கூடாது. தெரியுமா?"

உலையில் கரி கனன்றுகொண்டிருந்தது. காசி இடுக்கியால் ஒரு கரியைத் திருப்பிப் போட்டான்.

"தெரியும் சார்," என்றான்.

சனிக்கிழமை காலை சாப்பாட்டுக் கூடம் நிறைந்திருந்தது. பெற்றோர்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். முதல் வரிசையில் சின்னக்குழந்தை. காசி தூணோரமாக நின்றான். சாந்தம்மாள் உள்ளே வராமல் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். அவளைப் பார்த்ததும் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது.

"பிள்ளைங்க உடம்புல இருந்தது காரீயம்," என்று கண்ணாயிரம் தொடங்கினார். "டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துட்டார். ஏழு பேருக்கும் இருக்கு. அதை வெளியேத்துற மருந்து குடுக்க ஆரம்பிச்சாச்சு."

"யாரு வெச்சது?" என்றான் சின்னக்குழந்தை.

"சொல்றேன். முதல்ல, யாரு வெக்கலைன்னு சொல்லிடறேன். ரங்கன் காலைப் பாடத்துல சேந்தது சாந்தம்மா போனதுக்கு அப்புறம். வயித்துவலி வந்தது அதுக்கும் பின்னால. அவங்க இல்லாத சமையல்கட்டுல அவங்க எப்படி விஷம் வெக்க முடியும்? அதோட, அவங்க சமைச்சதை நாப்பத்தொரு பேரும் சாப்பிட்டாங்க. நோவு ஏழு பேருக்குத்தான்."

யாரும் வாசல் பக்கம் திரும்பவில்லை.

"நம்ம கிட்னி ஒரு சல்லடை மாதிரி. வேண்டாததை விடும், வேண்டியதைப் பிடிச்சு வெக்கும். காரீயம் போய் உக்காந்தா அந்தப் பிடி தளர்ந்துபோகும். சத்தெல்லாம் ஒண்ணுக்கோட போகும், சர்க்கரையும் போகும். அதனாலதான் பாறைகிட்ட எறும்பு. ரத்தத்துல சர்க்கரை சரியா இருந்து ஒண்ணுக்குல மட்டும் போனா, கெட்டது கிட்னின்னு அர்த்தம்."

நதியா எழுந்து நின்றாள். "அதை ஒன்றரை மாசத்துக்கு முன்னாலயே நான் பார்த்தேன். முகாமுக்கு வந்தப்ப. பட்டை சரியில்லைன்னு நெனச்சு, ஒண்ணும் இல்லைன்னு எழுதிட்டேன். உங்க பிள்ளைங்க பேருக்கு நேரா என் கையெழுத்து இருக்கு." உட்காராமல் அப்படியே நின்றாள்.

கண்ணாயிரம் சட்டைப் பையிலிருந்து உணவுப் பட்டியலை எடுத்தார். "இந்த ஏழு பேர் மட்டும் சாப்பிட்டது என்னன்னு தேடினேன். இதுல ஒரு வார்த்தை எனக்கு உறுத்துச்சு. காலை அஞ்சரைக்குத் தண்ணீர்னு எழுதியிருக்கு. பிள்ளைங்க நாள் முழுக்கத் தண்ணி குடிப்பாங்க. மத்த நேரத்துல எழுதாத தண்ணியை அந்த ஒரு நேரத்துக்கு மட்டும் ஏன் எழுதணும்? அங்க வேற ஏதோ இருந்துருக்கு. எழுதறவங்களுக்கு அதை எழுதாம விடவும் மனசு வரல, சொல்லவும் முடியல."

அவர் நிறுத்தினார். கலைவாணி சுவரோரத்திலிருந்து இரண்டடி முன்னால் வந்தார்.

"பானகம்," என்றார். "முதல் நாள் சாயங்காலமே புளியும் வெல்லமும் கரைச்சு என்னோட தவலையில வெப்பேன். காலையில பாடத்துக்கு வர்ற பிள்ளைங்களுக்கு ஆளுக்கு ஒரு டம்ளர். தூங்கி விழாம படிக்கட்டும்னு. இந்த மலையிலேர்ந்து ஆறு பிள்ளைங்களாவது பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகணும்னு ஆசை. எல்லாருக்கும் குடுக்கல. விதியில அதுக்கு இடமில்ல. அதனால வெளிய சொல்லக் கூடாதுன்னு பிள்ளைங்ககிட்ட சொல்லி வெச்சேன்."

"தவலைக்குக் காரீயம் பூசுனது நான்," என்று தூணோரத்திலிருந்து காசியின் குரல் வந்தது. "அந்தம்மாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

"புளி ராத்திரி முழுக்க ஊறினா காரீயத்தைக் கரைச்சு இழுத்துக்கும். வெல்லம் அந்த ருசியை மறைச்சிடும்," என்றார் கண்ணாயிரம்.

கலைவாணி இன்னும் முடிக்கவில்லை. "டாக்டர் என்கிட்ட நேரா கேட்டார். வேற ஏதாவது குடுத்தீங்களா, பழைய பாத்திரம் ஏதாவது இருக்கான்னு. இல்லைன்னேன். பானகத்துல என்ன இருக்கப்போகுதுன்னு நெனச்சேன். சாந்தம்மாளை நான் குத்தம் சொல்லல. ஆனா நீங்க சொன்னப்ப, இல்லைன்னும் சொல்லல. எனக்கு அது வசதியா இருந்துச்சு. ரங்கன் படுத்ததும் பயம் வந்துடுச்சு. அப்பவும் நெஜத்தைச் சொல்லாம, சார்கிட்ட போய் அவங்க பேரைத்தான் சொன்னேன்."

"என் பொண்ணு?" என்றான் சின்னக்குழந்தை. அவன் கண்ணாயிரத்தைத்தான் கேட்டான்.

"மத்த ஆறு பேரும் தேறிடுவாங்கன்னு டாக்டர் சொல்றார். இளவரசிக்கு உயிருக்குப் பயமில்ல. கிட்னி முழுசாத் திரும்புமான்னு இப்ப சொல்ல முடியாதாம். மாசாமாசம் பார்க்கணும். ஒரு மாசம் முன்னால தெரிஞ்சிருந்தா வேற மாதிரி இருந்திருக்கும்."

சின்னக்குழந்தை தலையைக் குனிந்துகொண்டான். அவன் பெருவிரல் தரையைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. யாராவது கத்துவார்கள் என்று நதியா எதிர்பார்த்தாள். ஒருவரும் கத்தவில்லை. அன்று சரிவில் இறங்கிப்போன முப்பது பேரில் பெரும்பாலோர் அந்தக் கூடத்தில்தான் இருந்தார்கள்.

கலைவாணி வாசற்படிக்குப் போனார். "சாந்தம்மா, என்னை மன்னிச்சிடுங்க. நாளையிலேர்ந்து நீங்க வேலைக்கு வரணும்."

சாந்தம்மாள் எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "வேலை கெடக்கட்டும் டீச்சரு. இங்க நாலு செவுத்துக்குள்ள சொன்னா எங்க ஊருக்கு எப்படித் தெரியும்? எங்க கத்துனாங்களோ அங்க வந்து சொல்லுங்க."

கலைவாணி செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினார். பின்னால் சின்னக்குழந்தை எழுந்தான். அவனுக்குப் பின்னால் மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். காசியும் போனான். முந்தின நாள் மழையில் பாதை வழுக்கியது. அரைமணி நேர நடை. கடைசியாக வந்த நதியா, "நாமளும் போகணுமா சார்?" என்று கேட்டாள். "நீ போகணும்," என்றார் கண்ணாயிரம். அவரும் உடன் நடந்தார்.

கூட்டம் மறுபடி வருவதைக் கண்டு குடியிருப்பில் இரண்டு வீட்டுக் கதவுகள் சாத்தப்பட்டன. சாந்தம்மாள் தன் வாசலில் போய் நின்று அவர்களைப் பார்த்துத் திரும்பினாள். சின்னக்குழந்தை கூட்டத்திலிருந்து விலகினான். உடைந்த அடுப்பருகே குந்தி உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

கலைவாணி அவனைத் தாண்டி முன்னால் வந்தார். "பிள்ளைங்களுக்கு நோவு வந்தது என்னால," என்றார். அவர் குரல் பக்கத்தில் நின்றவர்களுக்கே சரியாகக் கேட்கவில்லை. "சாந்தம்மா மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான் மறைச்சேன்."

சாந்தம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, இரக்கமும் இல்லை.

"சத்தமா சொல்லுங்க டீச்சரு," என்றாள். "அந்தக் கடைசி வூட்டுக்குக் கேக்கல."